ஏழாம் நம்பருக்கு எதிரே ஒரு வரி

காலை ஒன்பதரைக்குள் கத்திரி மூன்று முறை படியிறங்கி ஏறிவிட்டாள். முதல் முறை தண்ணீர் குடிக்க. இரண்டாம் முறை, குடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் குடிக்க. மூன்றாம் முறை எதற்கென்று அவளுக்கே தெரியாது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். நமக்கும் அப்படிச் சில நாள் வாய்க்குமே, கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி நாள்.

கத்திரி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. பெண்கள் கூடைப்பந்து லீக்கில் ஆடுகிற ஓர் அணிக்கு ஆட்டப் படங்களை வெட்டித் தொகுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒவ்வோர் ஆட்டத்தையும் நான்கு கேமராவில் பிடித்திருப்பார்கள். அதிலிருந்து யார் எங்கே நின்றாள், யார் எதைக் கோட்டைவிட்டாள் என்று துண்டு துண்டாக நறுக்கி, கோச் காப்பி குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிடுகிற அளவுக்குச் சுருக்கித் தர வேண்டும். வெட்டி வெட்டிப் பெயரே கத்திரி என்று நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு லிஸ்ட் போக வேண்டும். அடுத்த பருவத்துக்கு யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று எல்லா அணிகளும் லீக்குக்கு எழுதிக் கொடுக்கும் நாள் அது. அதில் ஒரு வழக்கம் உண்டு. விடுகிற ஆளின் பெயருக்கு எதிரே, ஏன் விடுகிறோம் என்று கோச் தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். மற்ற அணிக்காரர்கள் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். போன வருஷம் ஒரு பெண்ணுக்கு எதிரே 'முழங்கால் சரியில்லை' என்று எழுதினார்கள். இரண்டே இரண்டு சொல். அவள் இப்போது நீச்சல்குளத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறாள்.

லிஸ்டில் பதினோரு பெயர் முடிவாகிவிட்டது. முடிவாகாமல் கிடந்தது ஏழாம் நம்பர் மட்டும். அவள்தான் அணியின் பாயிண்ட் கார்டு. அதாவது, பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு, எப்போது, எந்தக் கைக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணுகிறவள். வயது முப்பத்தொன்று. கத்திரிக்கு அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே குளியலறைக்குச் சண்டை.

பத்து மணிக்கு மேனேஜர் அம்மாவின் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தது மூன்று பேர்தான், கத்திரி சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே கோர்ட்டில் யாரோ தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டு தரை வழியாக ஏறிவந்து மேஜைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை லேசாக அதிரவைத்தது.

"ஆளு கெட்டிக்காரிதான், நான் இல்லேன்னு சொல்லல," என்றார் கோச். "ஆனா பந்து அவ கைக்குப் போனா தூங்கிப்போயிடுது. ஆறு செகண்டு, ஏழு செகண்டு வச்சுக்கிட்டு நிக்கறா. எதிராளி வந்து, நின்னு, தலையை வாரிக்கிட்டுத் தடுக்கலாம்."

"தூங்குதோ முழிச்சிருக்கோ, டிக்கெட் வாங்கிட்டு வர்ற சனம் அவளைப் பார்க்கத்தான் வருது," என்றார் மேனேஜர் அம்மா. "அவ போயிட்டா அந்தக் கிழக்கு வரிசை பூராக் காலி. உங்க கொக்கைப் பார்க்க யார் வரப் போறா?"

கொக்கு என்பது அணியின் நெட்டைப் பெண். கூடைக்குக் கீழே நிற்பவள். அவளை இன்னும் இரண்டு பருவத்துக்கு வைத்துக்கொள்வதாகக் கையெழுத்தே ஆகிவிட்டது.

"பிசியோ, நீ என்னப்பா சொல்றே?"

ஆட்டக்காரிகளின் கைகால் வலி பார்க்கிற பிசியோ, கையிலிருந்த பேண்டேஜ் உருளையைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "கால் நல்லா இருக்கு மேடம். ரெண்டு முழங்காலும் கல்லு மாதிரி. வேகமா, தூக்கமான்னு என்கிட்ட கேக்காதீங்க. என் டிபார்ட்மெண்ட் இடுப்போட முடிஞ்சிடுது."

"வெளியூர்லேருந்து துறைமுக அணிக்காரங்க ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க," என்றார் மேனேஜர் அம்மா. "விடறதா இருந்தா விடுங்க, உங்க கோச் என்ன எழுதறாருன்னு பார்த்துட்டுத்தான் எடுப்போம்னு சொல்றாங்க."

"நான் உள்ளதைத்தான் எழுதுவேன். வேகம் குறைஞ்சிடுச்சு. ரெண்டு வருஷமா திங்கக்கிழமை திங்கக்கிழமை படத்துல பார்க்கறேன். பொய் எழுத வராது எனக்கு."

மேனேஜர் அம்மா நாற்காலியைத் திருப்பிக் கத்திரியைப் பார்த்தார். "நாலரைக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிஷப் படம் வேணும். இவர் சொல்றதும் இருக்கணும், நான் சொல்றதும் இருக்கணும். அவ உனக்கு என்ன உறவுன்னு எனக்குத் தெரியும். ஆனா கத்திரிக்கு உறவு கிடையாது. புரியுதா?"

"புரியுது மேடம்," என்றாள் கத்திரி. தொண்டை வறண்டிருந்தது. இவ்வளவு தண்ணீர் குடித்தும்.

*

வெட்டுகிற அறை என்று சொல்வார்களே தவிர அது அறையே இல்லை. பழைய நாற்காலிகள் அடுக்கிவைக்கிற இடம். ஒரு ஜன்னல், இரண்டு திரை, ஒரு மின்விசிறி. அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும்போது கழுத்தை ஒரு சொடக்குப் போடும்.

அவள் அந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கோச் இரண்டு சட்டம் சொல்லியிருந்தார். "ஒரு பொண்ணோட படம்னா, பந்து அவ கைக்கு வர்றதுலேருந்து கையை விட்டுப் போறவரைக்கும். போனப்புறம் அவளுக்கு என்ன வேலை? அங்கயே வெட்டு. பந்து பறிபோச்சுன்னா அதுக்குத் தனி ரீல். கையை விட்டதுலேருந்து விசில் வரைக்கும் போதும். முன்கதை எனக்கு வேண்டாம்."

முதல் ரீலுக்குப் 'பிடி' என்று பெயர், இரண்டாவதற்குத் 'தவறு' என்று பெயர். இரண்டு வருஷமாக அப்படியே நடந்தது. பந்தைப் போடுகிறவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. கையை விட்டது, கூடையில் விழுந்தது, கதை முடிந்தது. கொடுக்கிறவளுக்கு அப்படியா? கொடுத்த பிறகுதானே அவள் கதையே தொடங்குகிறது. கத்திரிக்கு இது தோன்றவில்லை. கை பழகிவிட்ட வேலையில் புத்தி உட்காருவதில்லை. கோர்ட்டுக்குப் பக்கத்துக் கேமராவில் அண்ணியின் முகமும் பந்தும் பெரிதாகத் தெரியும். அதைத்தான் எடுப்பாள். கூரையில் ஒரு கேமரா இருந்தது. அதில் பத்துப் பேரும் எறும்பு மாதிரித் தெரிவார்கள். அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒரு மணிக்கு அப்பா போன் பண்ணினார். அன்றைக்கு அது ஐந்தாவது தடவை. அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகள் ஆட வந்த நாளிலிருந்து கூடைப்பந்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவருக்கு எண்ணம்.

"சாப்பிட்டியா?"

"இல்லப்பா. வேலை இருக்கு."

"சாப்பிடு. இதைக் கேளு. நான் அவ துறைமுகத்துக்குப் போகணும்னு சொல்லல. போகக் கூடாதுன்னும் சொல்லல. ஒரு கட்டடத்துல லிஃப்ட் அஞ்சாவது மாடியிலயே நிக்குதுன்னு கம்ப்ளெயிண்ட் வரும். எல்லாரும் லிஃப்டைத் திட்டுவான். நான் போய்ப் பார்த்தா லிஃப்ட்ல ஒரு கோளாறும் இருக்காது. மத்த மாடியில பொத்தான் வேலை செய்யாது. கூப்பிடலேன்னா அது எங்க போகும்? நிக்கத்தான் நிக்கும்."

"அப்பா, நான் அப்புறம் பேசறேனே."

"உன் அண்ணி நிக்கறாளா, நிறுத்தறாங்களா, அதைப் பாரு. சாப்பிடு."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பேச்சில் விரல் வெட்ட மறந்திருந்தது. வெட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிப் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி கையிலிருந்து பந்து போய்விட்டது. ஆளில்லாத மூலைக்குப் போய், கோட்டைத் தாண்டி விழுந்தது. விசில். சட்டப்படி பார்த்தால் இது இரண்டு ரீலில் இரண்டு துண்டு. 'பிடி'யில் ஏழு செகண்டு தூங்குகிற அண்ணி, 'தவறு' ரீலில் ஆளே இல்லாத இடத்துக்குப் பந்து எறிகிற அண்ணி. சேர்ந்தாற்போல இதை அவள் பார்த்ததே இல்லை. கோச்சும் பார்த்ததில்லை.

ஏன் ஆளில்லாத இடத்துக்கு எறிய வேண்டும்? குருடியா என்ன?

கூரைக் கேமராவைத் திறந்தாள். எறும்புகள்தான். ஆனால் பத்து எறும்பும் தெரிந்தன. அண்ணி வலது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே, இடது கையைத் தொடையோரம் தாழ்த்தி விரல்களை விரிக்கிறாள். ஓடு என்கிறாள். கொக்கு இரண்டு எட்டு ஓடுகிறாள், நிற்கிறாள், பந்தைத் திரும்பிப் பார்க்கிறாள். அண்ணி விரலை மடக்கி மறுபடி விரிக்கிறாள். கொக்கு மறுபடி இரண்டு எட்டு. மறுபடி நிற்கிறாள். மூன்றாம் முறை விரல் விரிகிறது. எதிராளி நெருங்கிவிட்டாள், இனிமேல் வைத்திருக்க முடியாது. கொக்கு போயிருக்க வேண்டிய இடத்துக்கு அண்ணி பந்தை எறிகிறாள். அங்கே கொக்கு இல்லை.

கத்திரி இன்னொரு துண்டை எடுத்தாள். அதிலும் அதே கதை. இன்னொன்று. இதில் கொக்குக்குப் பதில் வேறொருத்தி, மற்றபடி அதேதான். முப்பத்து நாலு 'பிடி'யைக் கூரையிலிருந்து பார்த்தாள். இருபத்தேழில் அண்ணி விரலை விரித்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளுக்கு இன்னொன்று தோன்றியது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மருத்துவமனைக்காக எல்லா அணியிலிருந்தும் ஆட்களைக் கலந்து ஒரு காட்சிப் போட்டி நடத்தினார்கள். அண்ணியோடு அன்று சேர்ந்து ஆடியவர்களில் இரண்டு பேர் துறைமுக அணிப் பெண்கள். அந்தப் படத்தைப் போட்டாள். அண்ணி கைக்குப் பந்து வந்தது, போயிற்று. வந்தது, போயிற்று. இரண்டு செகண்டு. இரண்டரை. அதே கால், அதே கை, அதே முப்பத்தொரு வயது.

கத்திரி நாற்காலியை விட்டு எழுந்தாள். ஜன்னல் வரைக்கும் போனாள், வந்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இருபது பேர் நடுவில் அந்த ரீல் ஓடும். கோச் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். அண்ணி தலையைக் குனிந்து ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். பந்துப் பேச்சு வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும் என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. பஸ்ஸிலும் பேசுவதில்லை. நூறு திங்கட்கிழமை இருக்குமா? நூறு தடவை அவளை அங்கே உட்கார்த்தி வைத்தது இந்தக் கைதானே.

சரி, தெரிந்துவிட்டது, போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லலாம். சொன்னால் மேனேஜர் அம்மா, அப்படியென்றால் ஆள் தங்கம், வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அண்ணி இன்னும் இரண்டு வருஷம் இந்தக் கோர்ட்டிலேயே விரலை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் முப்பத்து மூன்று. சொல்லாமல் விட்டால் அண்ணியை விட்டுவிடுவார்கள், ஆனால் 'வேகம் குறைந்துவிட்டது' என்ற வரியோடு. அந்த வரியைத் தூக்கிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனால் யார் கதவைத் திறப்பார்கள்?

மணி இரண்டே முக்கால். கத்திரி படியிறங்கினாள். இந்த முறை எதற்கென்று தெரிந்தது.

*

அண்ணி கீழே சாமான் அறையில் இருந்தாள். பந்துக்குக் காற்றடிப்பது அவள் வேலை இல்லை. ஆனாலும் இருபது பந்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, பம்பை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்த பந்துக்கும் அடித்தாள்.

"வெடிச்சிடப் போகுது அண்ணி."

"வெடிக்கட்டும். என்ன, முகம் வெளுத்திருக்கு? சாப்பிடலையா?"

"அதெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கணும். பந்துப் பேச்சுதான்."

"வாசலுக்கு வெளியதானே இருக்கோம். கேளு."

"நீங்க கையால சொல்றதைக் கொக்கு பார்க்குதா, பார்க்கலையா?"

பம்பு நின்றது. அண்ணி நிமிர்ந்தாள். "எப்போ கவனிச்சே?"

"இன்னிக்கு."

"ம்." பந்தை உருட்டி விட்டாள். அது சுவரில் போய் இடித்துத் திரும்பி வந்தது. "பார்க்கும். நல்லாவே பார்க்கும். அதைத் திட்டாதே, பாவம், நல்ல பொண்ணு. பந்து கைக்கு வந்தப்புறம்தான் நகரணும்னு பழக்கியிருக்காங்க. நான் சொல்றது வேற. பந்து வரும்னு நம்பி, முதுகைக் காட்டிக்கிட்டு ஓடச் சொல்றேன். ரெண்டு எட்டு வைக்கும், பயந்துடும்."

"கோச்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நான் சரியாத்தான் போடறேன், அவங்கதான் ஓடலேன்னா? அப்படிச் சொன்ன ஒரு பாயிண்ட் கார்டை நான் பார்த்திருக்கேன். அதுக்கப்புறம் அவளுக்கு யாருமே ஓடல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்டயா? நாத்தனாரைப் பிடிச்சுப் படத்தை மாத்திக்கிட்டான்னு பேசுவாங்க. என் பேரு போனா போகட்டும். உனக்கு இந்த வேலை இவ்வளவு பிடிச்சிருக்கே."

கத்திரிக்கு மூக்கு அரித்தது. துடைத்துக்கொண்டாள். "அண்ணி, உங்களுக்கு என்ன வேணும்? வைக்கணுமா, விடணுமா?"

அண்ணி சிரித்தாள். "மூணு வாரமா கோச், மேனேஜர் அம்மா, மாமா, உங்க அண்ணன், முடிவெட்டுற கடைக்காரர் வரைக்கும் நான் எங்க இருக்கணும்னு பேசியாச்சு. மாமா தூக்கத்துல கூடப் பேசறார். என்னையே கேட்டது நீதான் முதல் ஆளு."

"சொல்லுங்க."

"அந்தக் காட்சிப் போட்டியில ஒரு பந்து போட்டேன். ஆளே இல்லாத இடத்துக்கு. கையை விட்டதும் ஐயோ, பழக்க தோஷம், இங்கயும் போட்டுட்டமேன்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கல, எங்கிருந்தோ ஒரு கை வந்து அதை எடுத்துக்கிட்டு போயிடுச்சு. துறைமுகத்துப் பொண்ணு, அவ பேருகூட அப்போ எனக்குத் தெரியாது." அண்ணி அடுத்த பந்தை எடுத்தாள், அமுக்கினாள், வைத்துவிட்டாள். "எனக்கு இன்னும் ஒரு மூணு வருஷம் ஆட்டம் இருக்கும். அதை அந்தக் கையோட ஆடணும்."

"அப்போ வீடு?"

"உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். கண்ணாடி எல்லா ஊர்லயும்தான் போடறாங்கன்னார்." அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். "அவருக்குப் பிரச்சினை இல்ல. மாமாவுக்கு நீ இருக்கே. உன்னை நினைச்சாத்தான்..." என்றவள் பம்பை எடுத்துக்கொண்டாள். "போ, மணி ஆகுது. எனக்காகப் பொய் எதுவும் பண்ணிடாதே."

*

நாலரைக்குப் படம் ஓடியது. முதலில் பழைய மாதிரியே 'பிடி' ஒன்று, 'தவறு' ஒன்று. கோச் தலையாட்டினார். பிறகு அதே இரண்டையும் ஒட்டி, கூரைக் கேமராவிலிருந்து. தலையாட்டல் நின்றது.

"இது என்ன புதுசா?"

"இதுதான் சார் முழுசு. இத்தனை நாளும் நான் காட்டினது பாதிப் பாதி." கத்திரி நின்றபடியே சொன்னாள். "கையை விட்டதும் வெட்டினேன். அவங்க யாருக்குக் காத்திருந்தாங்கன்னு நீங்க பார்க்கவே இல்ல. நானும் பார்க்கல. தப்பு என்னுதுதான்."

கோச் முகம் சிவந்தது. "நல்லா இருக்கே கதை. லிஸ்ட் போற அன்னிக்குச் சாயங்காலம் நாத்தனாருக்குக் கண் திறந்துச்சா? அண்ணிக்குத் தோதா நாலு துண்டைப் பொறுக்கி ஒட்டிட்டு வந்திருக்கே."

"நான் பொறுக்கல சார். நீங்க பொறுக்குங்க. எந்த ஆட்டம் வேணும், எந்த நிமிஷம் வேணும், சொல்லுங்க."

பிசியோ பேண்டேஜ் உருளையைக் கீழே போட்டுவிட்டார். அது அவிழ்ந்துகொண்டே மேஜைக்கு அடியில் ஓடியது. யாரும் எடுக்கவில்லை.

"அரையிறுதி," என்றார் கோச். "கடைசிக் கால்பகுதி. ரெண்டு நிமிஷம் பாக்கி. அந்தப் பந்துலதான் நாம தோத்து வீட்டுக்கு வந்தோம். அதைப் போடு."

எல்லாருக்கும் தெரிந்த பந்துதான் அது. அண்ணி ஏழு செகண்டு வைத்திருந்து பார்வையாளர் மடியில் எறிந்த பந்து. கத்திரி கூரைக் கேமராவில் அதைத் தேடிப் போட்டாள். அதை அவளும் அதுவரை மேலிருந்து பார்த்ததில்லை.

அண்ணி விரலை விரித்தாள். கொக்கு இரண்டு எட்டு ஓடினாள். நின்றாள். ஆனால் இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை. கோர்ட்டுக்கு வெளியே பக்கவாட்டில் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. கையை நீட்டி, உள்ளங்கையைக் கொக்குக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நில், நில், அங்கேயே நில்.

"மறுபடி போடு," என்றார் கோச்.

போட்டாள்.

"அது நான்தானே."

"ஆமா சார்."

"நான் நில்லுங்கறேன். அவ ஓடுங்கறா."

"ஒரே நேரத்துல," என்றார் மேனேஜர் அம்மா. "அந்தப் பொண்ணு பாவம், என்ன பண்ணும்?"

"அதான் அவளுக்கு அன்னிக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு," என்றார் பிசியோ. "பாதி அங்க, பாதி இங்க."

யாரும் சிரிக்கவில்லை. கோச் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். மற்ற மூன்று பேரும் அவர் முதுகையே பார்த்தார்கள். கடிகாரத்தில் ஐந்து பத்து.

மேனேஜர் அம்மா பேனாவை எடுத்தார். "அப்புறம் என்ன, முடிஞ்சுது. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. வச்சுக்குவோம்."

"வச்சுக்காதீங்க மேடம்," என்றாள் கத்திரி.

மூன்று தலையும் திரும்பின.

"அவங்க நல்லா ஆடறாங்கன்னு சொல்லத்தான் இதைக் காட்டினேன். ஆனா இங்க ஆட முடியாதுன்னும் இதுலயே இருக்கு. சார் கட்டியிருக்கறது நின்னு ஆடற அணி. உயரமான பொண்ணுங்க, கூடைக்கடியில இடம் பிடிச்சு நிப்பாங்க. அதுல தப்பு இல்ல, அரையிறுதி வரைக்கும் வந்திருக்கோம். அண்ணி போடற பந்துக்கு ஓடற ஆளு வேணும். துறைமுகத்துல இருக்காங்க. இங்க இல்ல."

"இதை நாத்தனாரா சொல்றியா, கத்திரியா சொல்றியா?"

"நாத்தனாரைக் கேட்டா இங்கயே இருக்கட்டும்னுதான் சொல்வா மேடம். காலையில யார் கூடப் பஸ்ல வர்றது?" நிமிர்ந்துகொண்டாள். "கத்திரியாத்தான் சொல்றேன்."

"கிழக்கு வரிசை காலியாயிடும்," என்றார் மேனேஜர் அம்மா. சொன்னாரே தவிர, பேனாவை மூடி வைத்துவிட்டார். "என்ன சொல்றீங்க கோச்? உங்களால ஓடற அணியா மாத்த முடியுமா?"

கோச் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கீழே கோர்ட்டில் பந்து தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அஞ்சு பேரை மாத்தணும். என்னையும் சேர்த்தா ஆறு," என்றார். "எனக்கு அம்பத்தெட்டு வயசு மேடம்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். லிஸ்டை இழுத்து, ஏழாம் நம்பருக்கு எதிரே பேனாவை வைத்தார். 'வே' என்று எழுதி, அடித்தார். பேனாவை உதறினார். பெரிய எழுத்துக்காரர் இல்லை அவர். ஒரு வரி எழுத இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கத்திரி அந்த இருபத்தைந்து நிமிஷமும் மேஜையைச் சுற்றி நடந்தாள். உட்காரேன் என்று யாரும் சொல்லவில்லை. பிசியோவும் அவள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோச் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "படி. எழுத்துப் பிழை இருந்தா சொல்லு."

'வேகமாக யோசிக்கிறவர். கூட ஓடுகிறவர்கள் உள்ள அணிக்கு இவர் வேண்டும். எங்களிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லை.'

"ஒரு வரிதானே எழுதணும் சார். மூணு இருக்கு."

"ரெண்டு வருஷத்துக்கு இது கூடப் போதாது," என்றார் கோச். "அனுப்பு."

*

ஆறே காலுக்குத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. மேனேஜர் அம்மா ஐந்து நிமிஷம் பேசினார். அதில் நான்கு நிமிஷம், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்பதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார். கத்திரி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கோச் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை சீக்கிரம் வா. அடுத்த பருவத்து அட்டவணை வந்திருக்கு. முதல் ஆட்டமே துறைமுகத்தோடதான். அவளை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குப் படம் வேணும்." கொஞ்சம் தயங்கினார். "உன்னை விட்டா அவ ஆட்டம் முழுசாத் தெரிஞ்சவங்க இங்க வேற யாரும் இல்ல."

"சரி சார்," என்றாள். வேறென்ன சொல்வது?

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கோ செய்தி தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. கத்திரி உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"உட்காரேன். இன்னும் பத்து ஸ்டாப் இருக்கு."

"பரவாயில்ல."

"மாமா போன் பண்ணினார். துறைமுக அணியில அஞ்சாம் நம்பருக்கு இடது பக்கம் திரும்ப வராதாம், பார்த்து நடந்துக்கச் சொல்றார். நான் இன்னும் பெட்டியே கட்டல." அண்ணி போனை மடியில் வைத்தாள், உடனே எடுத்தாள். "ஏய், அவங்க போன பருவத்து ஆட்டமெல்லாம் உன்கிட்ட இருக்குமே. அந்தக் கூரைக் கேமராப் படம் இருந்தா கொடேன். யார் எப்படி ஓடறாங்கன்னு இப்போவே பார்த்து வச்சுக்கறேன்."

"இருக்கு," என்றாள் கத்திரி. "ஆனா தர முடியாது."

"ஏன்?"

"நீங்க எதிர் அணி அண்ணி."

அண்ணி போனைப் பைக்குள் போட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். கத்திரிக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த ஸ்டாப் வருகிறதா என்று பார்ப்பதுபோல, கத்திரி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.